ஏரிக்கரையில் வாத்துகளைப் படம்பிடிக்க

வாத்துப் படம் அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் எந்தக் கரையில் உட்காருகிறோம் என்பதில்தான் இருக்கிறது. கேமராவின் விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

தமிழ்நாட்டுச் சமவெளி கிழக்கே சரிவதால், பல ஏரிகளுக்குக் கிழக்குப் பக்கம்தான் கரை போட்டிருப்பார்கள். வலசை வாத்துகள் தங்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். காலையில் அந்தக் கரையில் அமர்ந்தால் வெயிலும் காற்றும் உங்கள் முதுகுப் பக்கம். வாத்து எதிர்காற்றில்தான் எழும்பும், இறங்கும். ஆகவே முகமும் நெஞ்சும் உங்களைப் பார்த்தே வரும். மாலையில் மேற்குப் பக்கம் போனால் வெளிச்சம் சரியாக விழும், ஆனால் எழும்பும் பறவைகள் முதுகைத்தான் காட்டும்.

கரை உச்சியில் நிற்காதீர்கள். வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் அப்படியே தெரியும், கூட்டம் நடு ஏரிக்கு நகர்ந்துவிடும். விடிவதற்கு அரை மணி முன்பே உட்சரிவில் இறங்கி, செடி மறைவில், லென்ஸ் நீர்மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்தில் இருக்கும்படி உட்காருங்கள். பறவையின் கண்மட்டத்தில் எடுத்தால்தான் பின்னணி மங்கி, வாத்து தனித்துத் தெரியும். துணிப்பையில் ஒன்றரை கிலோ அரிசி போட்டு வாயைத் தைத்துவிட்டால் லென்ஸுக்கு நல்ல தாங்கி. சரணாலயத்தில் அனுமதித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. அங்கே பாதையிலேயே குந்தி உட்காருங்கள்.

நீந்தும் வாத்துக்கு ஷட்டர் வேகம் 1/800 வினாடி, பறப்பதற்கு 1/2500. வாத்து சிறகடிக்கும் வேகத்துக்கு 1/1000 போதாது, இறக்கை நுனி கலங்கிவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, தானியங்கியில் விட்டு 3200-ஐ மேல்வரம்பாக வையுங்கள். மின்னும் நீரில் நாமக்கோழி என்னும் கறுப்பு நீர்ப்பறவை வெறும் கறுப்புக் கட்டியாக விழுந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 கூட்டுங்கள், இருண்ட நீரில் கொக்கு வெளுத்துப்போனால் -1. ஒன்பது மணிக்கு மேல் நீர்ப்பரப்பில் கானல் அசையத் தொடங்கிவிடும். தொலைவில் எடுத்த படம் கூர்மையில்லாமல் போனால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம், காரணம் அந்தக் கானல்தான்.

அடையாளம் காண 8x42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி) இருநோக்கி போதும். நவம்பரில் ஆண் நீலச்சிறகி வாத்து பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். கண்ணுக்கு மேல் அகன்ற வெள்ளைப் பட்டையோடு எடுக்க பிப்ரவரி வரை பொறுக்க வேண்டும். புள்ளிமூக்கு வாத்தின் கறுப்பு அலகில் மஞ்சள் நுனி எல்லா மாதமும் தெரியும். தட்டைவாயன் வாத்துக்கு அகப்பை போன்ற அலகே அடையாளம்.

முக்குளிப்பான் தனியாக மேய்ந்தால், அது முங்கும்போது நாலடி முன்னேறி, எழுவதற்குள் அசையாமல் நில்லுங்கள். பக்கத்தில் வாத்துகள் இருந்தால் இது பலிக்காது, அவை பார்த்துக்கொண்டே இருக்கும்.

மேய்கிற கூட்டத்தில் ஒரு தலை நிமிர்ந்தால் நில்லுங்கள். நாலைந்து கழுத்துகள் நீண்டு, எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நீந்தத் தொடங்கினால் நெருங்கியது அதிகம் என்று பொருள், பத்தடி பின்வாங்குங்கள். நெடுந்தூரம் பறந்து வந்த உடம்பு, இங்கே மேய்ந்துதான் தேற வேண்டும். படத்துக்காகக் கல்லெறிந்தோ கைதட்டியோ எழுப்பவே கூடாது. கூடோ குஞ்சோ கண்ணில் பட்டால் கேமராவை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்புங்கள். நீங்கள் நின்ற இடத்தைக் காக்கை பிறகு வந்து பார்த்து, கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.