முறுக்கை முறுக்கு என்றே எழுதுங்கள்: தேடுசொல்லில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் என் அத்தை பல ஆண்டுகளாக முறுக்கு சுட்டு விற்கிறார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தொடங்கிய தொழில். இப்போது தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் சொந்த வீடு, பின்புறம் இரண்டு பெரிய அடுப்பு. ஒரு தீபாவளிக்கு முன்பு அவருக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். தலைப்பில் நான் எழுதியது ‘பாரம்பரிய நறுஞ்சுவைச் சிற்றுண்டிகள்’. எழுதிவிட்டு நானே மெச்சிக்கொண்டேன். ஆறு வாரம் ஓடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒருவர்கூட ஆர்டர் கொடுக்கவில்லை.

அப்புறம் அத்தையின் வாட்சாப்பைப் புரட்டினேன். ‘அக்கா, அச்சு முறுக்கு இருக்கா?’, ‘நெய் உருண்டை ஒரு டப்பா எவ்ளோ?’, ‘ரவாங்குக்கு அனுப்புவீங்களா?’ சிற்றுண்டி என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கூகுளில் தேடுபவரும் இதே மனிதர்தானே? வாயில் வரும் சொல்லைத்தான் அவர் கைப்பேசியில் தட்டுவார். விற்பவருக்கு அழகாகப் படும் சொல்லை வைப்பதுதான் முதல் தவறு. என் கணக்கில் பெரிய தவறும் அதுதான். தேடுசொல், அதாவது தேடுபவர் கூகுளில் தட்டும் சொல், வேண்டுமென்றால் அகராதியைத் திறக்காதீர்கள், வாடிக்கையாளர் அனுப்பிய செய்திகளைத் திறங்கள்.

இதிலேயே இன்னொரு வழுக்கல் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கங்களைப் பார்த்து அங்குள்ள சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். அங்கே ரூபாய், இங்கே வெள்ளி. அங்கே பாமாயில் மரம், இங்கே செம்பனை. செம்பனைக் கன்று விற்பவர் தன் பக்கத்தில் செம்பனை என்ற சொல்லையே போடாமல் விட்டால் பந்திங்கில் இருப்பவர் அவரை எப்படிக் கண்டுபிடிப்பார்?

சரி, ‘முறுக்கு’ என்று மட்டும் போட்டால் போதுமா? போதாது. அந்த ஒரு சொல்லைத் தேடினால் வருவது பெரும்பாலும் செய்முறைக் காணொளிகள். தேடுபவரில் பலர் சுடக் கற்றுக்கொள்ள வந்தவர்கள், வாங்க வந்தவர்கள் அல்ல. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை நீங்களே தேடி முதல் பக்கத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். சமையல் குறிப்பாக வந்தால் அது சமையல் கேட்பவரின் சொல். கடைகளாக வந்தால் வாங்குபவரின் சொல். ‘அச்சு முறுக்கு ஆர்டர் கோலசிலாங்கூர்’ என்று நீளமாகத் தேடுபவர்கள் சொற்பம்தான், ஆனால் அவர்கள் கையில் காசு இருக்கிறது. இப்படிச் சோதிக்கும்போது உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் சோதியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் முன்பு பார்த்ததையெல்லாம் வைத்துக் கூகுள் உங்களுக்கென்று வரிசையை மாற்றிக் காட்டக்கூடும். ‘நம்ம பக்கம் முதலில் வருதே’ என்று ஏமாந்து போவோம்.

மொழி விஷயம் இங்கே கொஞ்சம் சிக்கலானது. வீட்டில் தமிழில் பேசும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், இல்லையென்றால் மலாயில் தேடுகிறார்கள். அச்சு முறுக்கை மலாய்க்காரர்கள் குவே லோயாங் என்பார்கள். அத்தையின் பக்கத்தில் அந்தப் பெயர் எங்குமே இல்லை. பக்கத்துத் தாமானில் இருக்கும் மலாய்க் குடும்பம் நேரில் வந்து வாங்குகிறது, இணையத்தில் தேடினால் நம்மைக் காணவே காணாது. இதற்காக ஆங்கில எழுத்தில் ஒரு ‘கே’ போட்ட முறுக்கு, இரண்டு ‘கே’ போட்ட முறுக்கு என்று எல்லா எழுத்துப்பிழையையும் அடுக்க வேண்டியதில்லை. சின்னப் பிழைகளைத் தேடுபொறியே சரிசெய்துகொள்ளும். தமிழில் ஒரு பத்தி, மலாயில் ஒரு பத்தி, இரண்டையும் ஒழுங்கான வாக்கியமாக எழுதினால் போதும். விலையும் பெயரும் சுவரொட்டிப் படத்துக்குள் மட்டும் இருந்தால் அதையும் எழுத்தாகத் தட்டிப் போடுங்கள்.

ஊர்ப்பெயரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தாய். தோட்டத்தைவிட்டு கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போனவர்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் தேடுகிறார்கள். இங்குள்ள சிலாங்கூர் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த மாணவனுக்கோ பெஸ்தாரி ஜெயா மட்டுமே தெரியும். தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது, அங்கேயும் வயதானவர்கள் வாயில் பழைய பெயர் இருக்கிறது. ‘முன்பு பத்தாங் பெர்ஜுந்தாய் எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில்’ என்று ஒரே ஒரு வரி எழுதினால் இரண்டு தலைமுறைக்கும் வழி கிடைத்துவிடும்.

ஆனால் ஊர்ப்பெயர் உதவுகிறது என்று தெரிந்ததும் சிலருக்குக் கை நிற்காது. ஈஜோக், ஜெரம், ரவாங், பத்தாங் காலி, கிள்ளான் என்று பக்கத்தின் அடியில் சரம் கோத்துவிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன். கூகுளின் விதிமுறையில் இப்படி ஊர்களை வரிசையாகக் குவிப்பதைச் சொல் திணிப்புக்கு உதாரணமாகவே காட்டியிருக்கிறார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பதும் விதிமீறல்தான். கூகுள் வரைபடத்தில் கடைப் பெயரோடு ‘சிறந்த மலிவான முறுக்கு’ என்று ஒட்டவைப்பதும் கூடாது. அங்கே கடையின் உண்மையான பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும்.

பக்கத்தின் நிரலுக்குள் ‘கீவேர்ட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும், அதை நிரப்பித் தருகிறேன் என்று இன்றும் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரிசைப்படுத்தும்போது அந்த வரியைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. ஐம்பது வெள்ளி கொடுத்த பிறகு எனக்குத் தெரிந்த செய்தி இது.

காலாவதியான சொற்களும் உண்டு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். பெரிய எழுத்தில் ‘யூபிஎஸ்ஆர் பயிற்சி’ என்று போட்ட டியூஷன் பக்கத்தை நான் போன மாதம்கூடப் பார்த்தேன். வருடம் ஒருமுறையாவது பழைய பக்கங்களைப் படித்துப் பாருங்கள்.

ஒரு சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸைப் பார்த்துப் பயந்துபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தெரியும் 0 முதல் 100 வரையிலான எண் எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்கு அல்ல. நீங்கள் கேட்ட காலத்தில் தேடல் உச்சத்தில் இருந்த நேரத்தை 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடும் அளவு. எங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊரின் சொல்லைப் போட்டால் போதிய தரவு இல்லை என்று வரும். யாருமே தேடவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. டிரெண்ட்ஸை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், தீபாவளிப் பலகாரத் தேடல் எந்த வாரத்தில் ஏறத் தொடங்குகிறது என்று பார்க்க. அதற்குச் சில வாரம் முன்பே பக்கம் தயாராக இருக்க வேண்டும்.

சின்னக் கடைக்கு உண்மையில் உதவுவது கூகுளின் சர்ச் கன்சோல். இலவசம். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை தட்டினார்கள் என்று 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். மிகச் சிலரே தேடிய சொற்களை மட்டும் தனியுரிமை கருதி மறைத்துவிடும். அத்தையின் பக்கத்துக்கு இப்போது ‘அச்சு முறுக்கு, நெய் உருண்டை – பெஸ்தாரி ஜெயா’ என்று தலைப்பு. சில வாரம் கழித்துக் கன்சோலைத் திறந்தால், பூண்டு போடாத முறுக்கு என்று மலாயில் தேடியவர்களுக்கு நம் பக்கம் பலமுறை காட்டப்பட்டிருந்தது. ஒருவரும் தட்டவில்லை. அத்தையிடம் சொன்னேன்.

“நான் என்னைக்குடா முறுக்குல பூண்டு போட்டேன்? நீ அதை எழுதவே இல்லையா?”