ஜெர்மன் பேரு தேடுறீங்களா? மொதல்ல பேர ரெண்டா பிரிங்க

நெட்ல ஜெர்மன் பேபி நேம்ஸ்னு தேடினா வர்ற லிஸ்ட்ல பாதி, வேர்ல ஜெர்மனே கிடையாது. சமீப வருஷங்கள்ல ஜெர்மனில டாப்ல ஓடுற பேருங்கள்ல நோவா ஹீப்ரு, எமிலியா லத்தீன், சோஃபியா கிரேக்கம். அங்க இப்ப சகஜமா வைக்கிற பேரு போதும்னா இது ஓகே, வேரே ஜெர்மனா இருக்கணும்னா பழைய பேருங்க பக்கம்தான் போகணும்.

அந்தப் பழைய பேருங்க பெரும்பாலும் ரெண்டு துண்டு. ஒரு பத்து துண்டு தெரிஞ்சு வச்சிக்கிட்டாலே நெறைய பேர நீங்களே பிரிச்சிடலாம். ஃப்ரீட் அமைதி, ரிஷ் ஆட்சி பலம், சேத்தா ஃப்ரீட்ரிஷ். ஹைம்னா வீடு, அது ரிஷ்ஷோட சேந்து ஹைன்ரிஷ். மக்ட்னா வலிமை, ஹில்ட்னா போர், சேந்து மதில்ட. கேர் ஈட்டி, ட்ரூட் பலம், கேர்ட்ரூட். பெர்ன்ஹார்ட்ல பெர்ன் கரடி, ஹார்ட் உறுதி. பொண்ணுங்க பேர்லயும் ஈட்டி, சண்டைதான், பூ நிலான்னு தேடாதீங்க.

ஆனா ரெண்டு துண்டையும் ஒட்டி ஒரு வாக்கியமா அர்த்தம் எழுதுற சைட்ட அப்படியே நம்பிடாதீங்க. ஹில்டகுண்டுங்கற பேர்ல ஹில்டும் போர்தான் குண்டும் போர்தான், போர்போர்னு யாரு பேரு வைப்பா? அப்ப பல குடும்பத்துல அப்பா தாத்தா பேர்லேந்து ஒரு துண்ட எடுத்து இன்னொன்னோட சேத்து வைப்பாங்க. 9-ஆம் நூற்றாண்டுல எழுதி வச்ச ஒரு பழைய பாட்டுல தாத்தா ஹெரிபிராண்ட், மகன் ஹில்டபிராண்ட், பேரன் ஹாதுபிராண்ட், மூணு தலைமுறையும் ஒரே பிராண்டு, ஆரம்ப எழுத்தும் ஒண்ணு. நம்ம ஊர்ல தாத்தா பேர பேரனுக்கு வைக்கிறோம்ல, இவங்க பாதிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

நீளமா இருக்கேன்னு பயந்தா சுருக்கத்த பாருங்க, ஃப்ரீட்ரிஷ் ஃப்ரிட்ஸ் ஆகும், ஹைன்ரிஷ் ஹைன்ஸ், கோன்ராட் குர்ட், அடெல்ஹைட் ஹைடி. வடக்குப் பக்கம் அன்ட்ய, இம்க, சோன்க மாதிரி குட்டிப் பேருங்க உண்டு, தெற்குல பவேரியால க்ஸாவர், கோர்பினியான்னு புனிதர் பேரு. பேர கேட்டே ஊர சொல்றவங்க இருக்காங்க.

அடுத்து பேரோட வயசு, இத நிறைய பேரு பாக்குறதில்ல. கேர்ட்ரூட், ஹோர்ஸ்ட்னா இன்னிக்கும் பாட்டி தாத்தா பேருதான், ஆனா அதே பழைய எம்மா, ஈடா, கார்ல் எல்லாம் திரும்ப வந்து பயங்கர ஸ்டைலா இருக்கு. கெவின்னு ஐரிஷ் பேரு ஒண்ணு 1991ல பையன் பேர்ல நம்பர் ஒன், அப்புறம் கிண்டலுக்கு ஆளாகி ஸ்கூல்ல டீச்சரே அந்தப் பேர வச்சு புள்ளய எடை போடுறாங்கன்னு பேச்சு வர்ற அளவுக்குப் போயிடுச்சு. அடோல்ஃபுக்கு உயர்ந்த ஓநாய்னு அர்த்தம், கேக்க நல்லாத்தான் இருக்கு, யாரு வைப்பா சொல்லுங்க.

எழுத்துல பாத்து உச்சரிக்காதீங்க. ஜோனாஸ்னு படிக்கிறது அங்க யோனாஸ், W-ல ஆரம்பிச்சு வில்லியம் மாதிரி தெரியற வில்ஹெல்ம் ஆரம்பத்துல இங்கிலீஷ் V சத்தம்தான், V போட்டு வோல்கர்னு எழுதியிருந்தா ஃபோல்கர்.

கடைசியா ஸ்டாண்டஸாம்ட், அதான் ஜெர்மனில பிறப்பு பதிவு ஆபீஸ். குழந்த பொறந்தத ஒரு வாரத்துக்குள்ள சொல்லணும், பேர முடிவு பண்ண ஒரு மாசம் வரைக்கும் டைம் உண்டு. இந்தப் பேருதான் வைக்கணும்னு சட்டத்துல லிஸ்ட் கிடையாது, ஆனா குழந்தைய பாதிக்கிற பேர்னு பட்டா மறுப்பாங்க. முன்னெல்லாம் பேர வச்சு ஆணா பொண்ணான்னு தெரியலன்னா, அதோட இன்னொரு பேரும் சேக்கச் சொல்வாங்க. கிரண்ங்கற நம்மூர் பேர பொண்ணுக்கு வைக்கப் போய்தான் கேஸ் அரசியலமைப்பு கோர்ட் வரைக்கும் போச்சு, பேர்லயே ஆணா பொண்ணான்னு தெரிஞ்சாகணும்னு கட்டாயம் இல்லன்னு 2008 டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. அதனால ரெண்டு பேருக்கும் பொருந்துற பேரா இருந்தா தயங்காம எழுதிக் குடுங்க, பையனுக்கு அப்பட்டமா பொண்ணு பேரு வச்சா மட்டும் கவுண்டர்ல கேள்வி வரும்.