மதுரையில் தாய்ச்சி, சீகோங் கற்க வாத்தியாரைத் தேடுவது எப்படி?

மதுரையில் கராத்தே மாஸ்டர்களுக்கும் பஞ்சமில்லை, சிலம்ப வாத்தியார்களுக்கும் பஞ்சமில்லை. சீனாவிலிருந்து வந்த தாய்ச்சியோ சீகோங்கோ கற்க வேண்டும் என்று கிளம்பினால்தான் திண்டாட்டம். சொல்லித் தருபவர்கள் குறைவு. அவர்களில் யார் வருடக்கணக்கில் கற்றவர், யார் சனி ஞாயிறு முகாம் ஒன்றுக்குப் போய்வந்து போர்டு மாட்டியவர் என்று புதிதாக வருபவருக்குப் பிடிபடாது. தவறான ஆளிடம் மாட்டினால் பணம் போவது சின்ன விஷயம். முழங்கால் போய்விடும். பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆளாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன். மூன்றாம் படி நீளமானது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், முடிவு அங்கேதான் ஆகிறது.

முதல் படி: எதற்காகக் கற்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஒரு சீட்டில் ஒரே வரி போதும். "அம்மாவுக்கு நடக்கும்போது தடுமாறுது." "ராத்திரி தூக்கம் வரல." "சண்டைக் கலையாவே கத்துக்கணும்." இந்த மூன்று பேரும் ஒரே வாத்தியாரிடம் போக வேண்டியவர்கள் இல்லை.

சீகோங் என்பது உடலசைவு, மூச்சு, கவனம் மூன்றையும் சேர்த்துச் செய்யும் பல பயிற்சிகளுக்குச் சீனாவில் வழங்கும் பொதுப்பெயர். பா துவான் ஜின் என்ற எட்டு அசைவுத் தொகுப்பின் பெயர் சொங் அரசமரபுக் காலத்து நூல்களிலேயே வருகிறது. புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றின் அசைவுகளைக் கொண்ட வூ ச்சின் ஷியைப் பழங்கால மருத்துவர் ஹுவா துவோ பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். நின்ற இடத்திலேயே செய்யலாம். வயதானவர்களுக்கும் நோயிலிருந்து தேறி வருபவர்களுக்கும் தொடங்க நல்ல இடம் இதுதான்.

சீனப் போர்க்கலைகளில் அகப்போர்க்கலை என்று மூன்றைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்: தாய்ச்சி, ஷிங்யி, பாகுவா. மூன்றையும் கற்றுத் தேர்ந்து ஒரே குடும்பமாகப் பார்த்தவர் சுன் லூதாங் (1860–1933). தசை முறுக்கை நம்பாமல், எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதும், இடுப்புத் திருப்பமும், பாதத்தின் ஊன்றலும் சேர்ந்து ஒரே விசையாக வர வேண்டும் என்பதுதான் இவற்றின் அடிப்படை. தாய்ச்சி ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்துக் கிராமத்திலிருந்து வந்தது. யாங் லூச்சான் (1799–1872) அங்கே கற்று பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். இன்று சென், யாங், வூ, ஹாவ், சுன் என்று ஐந்து குடும்ப வழிகள் பரவலாக அறியப்பட்டவை.

இந்த வரலாறு உங்களுக்கு எங்கே உதவும் என்றால், பூங்காக்களில் அதிகம் சொல்லித் தரப்படும் 24 அசைவுத் தொகுப்பு 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் வழியைச் சுருக்கி உருவாக்கியது. நல்ல தொகுப்பு, தாராளமாகக் கற்கலாம். ஆனால் அதையே ஒருவர் "ஆயிரம் வருஷத்து ரகசியம்" என்று விற்றால், அவருக்குத் தான் கற்றுத் தருவது எதுவென்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைக்கிறார்.

பலன் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்ச்சிக்கு ஆராய்ச்சி ஆதரவு நன்றாக இருக்கும் இடம் உடல் சமநிலை. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. வாரம் இரு முறை, 24 வாரம் தாய்ச்சி செய்தவர்களின் சமநிலை மற்றக் குழுக்களைவிட மேம்பட்டது. வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் கீழே விழுவதும் குறைந்தது. சுகரும் புற்றுநோயும் இதனால் ஓடிப்போகும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தேடும் இடங்கள்

தெப்பக்குளம், ரேஸ்கோர்ஸ் மைதானம், எக்கோ பார்க் என்று காலை நடைக்குக் கூட்டம் வரும் இடங்களில் நாலு பேரிடம் விசாரியுங்கள். கராத்தே வகுப்போ, வூஷு (சீனப் போர்க்கலையின் விளையாட்டு வடிவம்) வகுப்போ நடத்துபவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் ஊரில் யார் என்ன செய்கிறார் என்று தெரியும். வூஷுவில் தாய்ச்சியும் ஒரு போட்டிப் பிரிவு. ஆசிய விளையாட்டுகளில் 1990 முதல் வூஷு இருக்கிறது. போட்டித் தாய்ச்சியில் தாழ்ந்த நிலைகளும் குதித்து இறங்குவதும் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அது அருமையான வழி. மூட்டுத் தேய்மானம் உள்ள அம்மாவை அங்கே சேர்க்காதீர்கள்.

யோகா மையங்களின் பலகையில் யோகா, ரெய்கி, வர்மம், குண்டலினி, தாய்ச்சி என்று எல்லாம் ஒன்றாக எழுதியிருக்கும். உடனே ஒதுக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றையும் யாரிடம், எத்தனை வருஷம் கற்றார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வர்மத்துக்கு குமரிப் பக்கம் ஆசான் வழி தனியாக இருக்கிறது. சீனக் கலைக்கு வேறு வழி. இரண்டையும் கற்றவர் இருக்கலாம். அப்படிக் கற்றவருக்கு இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும்.

மூன்றாம் படி: ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள்

சேருவதற்கு முன் போன் செய்து, "மாஸ்டர், ஒரு நாள் வந்து பாக்கலாமா?" என்று கேளுங்கள். வரச் சொல்பவரிடம் போங்கள். "பாக்கிறதுக்கெல்லாம் அனுமதி இல்ல, ஃபீஸ் கட்டிட்டு வாங்க" என்பவரை விட்டுவிடுங்கள். மரியாதைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தொடக்கம் முதல் கடைசிவரை இருங்கள். பாதியில் கிளம்பினால் பாதிதான் தெரியும்.

போனதும் எல்லோருடைய கண்ணும் வாத்தியார் மேல்தான் போகும். அவர் அழகாகச் செய்வார், வெள்ளைப் பட்டுச் சட்டையில் இன்னும் அழகாகத் தெரியும். கண்ணைத் திருப்பி மாணவர்களைப் பாருங்கள். வாத்தியார் தன் உடம்பில் வைத்திருப்பது அவர் சொத்து. மாணவர் உடம்புக்குப் போய்ச் சேர்ந்ததுதான் உங்களுக்குக் கிடைக்கப்போவது.

முதலில் முழங்காலைப் பாருங்கள். முன்காலை ஊன்றி எடையை அதன்மேல் கொண்டுபோகும் நிலையில், முழங்கால் கால்விரல்கள் காட்டும் திசையிலேயே போகிறதா, உள்பக்கமாகச் சரிகிறதா? விரல் நுனியையும் தாண்டி முன்னால் போகிறதா? அடுத்து, திரும்பும் இடங்கள். முழு எடையும் ஒரு காலில் இருக்க, பாதம் தரையில் ஒட்டியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். தாய்ச்சி கற்பவர்களுக்கு முழங்கால் வலி வரும் முக்கியமான பாதை இதுதான். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு முழங்கால் உள்ளே சரிந்துகொண்டிருக்க, வாத்தியார் முன்னால் நின்று தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தால், அங்கே கற்பித்தல் நடக்கவில்லை.

பிறகு பழைய மாணவர்களைத் தேடுங்கள். மூன்று நான்கு வருஷமாக வருபவர் யாராவது இருக்கிறாரா? அவருடைய தோள் இறங்கியிருக்கிறதா, மூச்சு சத்தமில்லாமல் போகிறதா, காலை எடுத்து வைக்கும்போது பொத்தென்று விழாமல் வைத்த பின் எடை மாறுகிறதா? முதல் மாதத்து ஆளுக்கும் நாலு வருஷத்து ஆளுக்கும் வித்தியாசமே தெரியவில்லையென்றால் நீங்களும் நாலு வருஷம் கழித்து அப்படித்தான் இருப்பீர்கள். பழைய மாணவர் ஒருவர்கூட இல்லையென்றால் ஏன் என்று யோசியுங்கள். வகுப்பு புதிதாக இருக்கலாம். ஆட்கள் நிற்காமல் போய்க்கொண்டும் இருக்கலாம்.

அடுத்து, வாத்தியார் யாருக்குத் திருத்தம் சொல்கிறார் என்று கவனியுங்கள். நல்லவர் கடைசி வரிசையில் தடுமாறும் பெரியவரிடமும் வருவார். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம்தான் சொல்வார், அது உடம்பில் உட்காரும்வரை காத்திருப்பார். தொடுவதற்கு முன் கேட்பார், பெண்களிடம் கண்டிப்பாகக் கேட்பார். ஒருவரை மற்றவர்கள் முன் கேலி செய்து சிரிக்க வைக்கும் வகுப்பில் நீங்கள் தாங்க மாட்டீர்கள், தாங்கவும் வேண்டாம்.

வகுப்பு முடிந்ததும் கிளம்பும் மாணவர் ஒருவரிடம் மெதுவாகக் கேளுங்கள்: "அண்ணே, இங்க வந்த பிறகு உங்களுக்கு எங்கயாச்சும் வலி வந்துச்சா? சொன்னப்ப மாஸ்டர் என்ன செஞ்சாரு?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலை எந்தச் சான்றிதழும் தராது.

நான்காம் படி: வாத்தியாரிடம் பேசுங்கள்

மூன்று கேள்விகள் போதும். யாரிடம் கற்றீர்கள், இப்போதும் அவரிடம் போகிறீர்களா? முதல் மூன்று மாதம் எனக்கு என்ன சொல்லித் தருவீர்கள்? எனக்கு முழங்கால் வலியோ பிரஷரோ இருக்கிறது, பயிற்சியில் என்ன மாற்றுவீர்கள்?

சீனக் கலைகளில் குரு வழி பெரிய விஷயம். முறைப்படி வணங்கிச் சீடராக ஏற்கப்பட்டவர், வகுப்புக்கு வந்துபோனவர் என்று வேறுபாடு வைத்திருக்கிறார்கள். நேர்மையான வாத்தியார் தான் இதில் எது என்று தயங்காமல் சொல்வார். பெரிய குரு வழி இருந்தும் கற்றுக்கொடுக்கத் தெரியாதவர்கள் உண்டு, ஆகவே அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சொன்ன பெயர் மாறிக்கொண்டே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சுவரில் மாட்டிய சான்றிதழைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை: எத்தனை நாள் பயிற்சிக்குக் கொடுத்தது, யார் சோதித்தார்கள்?

மூன்றாவது கேள்விக்கு "டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, முழங்காலை ரொம்ப மடக்காம உயரமா நின்னு செய்யலாம், மூச்சை அடக்க வேண்டாம்" என்பது போன்ற பதில் வந்தால் மனம் நிம்மதியாகும். மூச்சை அடக்கி முக்குவது பிரஷரை ஏற்றும் என்பது வாத்தியாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கக்காரருக்கு இயல்பான மூச்சுதான்.

ஐந்தாம் படி: எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள்

தொடாமலேயே ஆட்களைப் பறக்கவிடும் மாஸ்டர்கள். வீடியோவில் பார்த்திருப்பீர்கள், கையை அசைத்ததும் சொந்த மாணவர்கள் நாலு பேர் சரிவார்கள். அவர்கள் நடிக்கிறார்கள் என்றுகூட இல்லை, குருவுக்கு முன் விழுந்து விழுந்து உடம்பு பழகிவிடும். 2017 ஏப்ரலில் சீனாவின் செங்து நகரில் வே லேய் என்ற தாய்ச்சி ஆசிரியர், கலப்புச் சண்டை வீரர் ஷூ ஷியாவ்தொங்கிடம் அரை நிமிடத்துக்குள் வீழ்ந்தார். அதனால் தாய்ச்சியே பொய் என்று ஆகிவிடாது. ஒத்துழைக்காத எதிராளியோடு பயிற்சி செய்யாதவருக்குச் சண்டை வராது, அவ்வளவுதான். சண்டைக் கலையாகக் கற்க விரும்புபவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள்: இருவர் கை ஒட்டித் தள்ளும் பயிற்சி அங்கே உண்டா? அதில் மாணவர் வாத்தியாரை நிஜமாகத் தள்ள அனுமதி உண்டா? வாத்தியார் எப்போதாவது நிலை குலைந்தால் சிரித்துக்கொண்டு "நல்லா இருந்துச்சு, இன்னொரு தடவை" என்கிறாரா?

மருந்தை நிறுத்தச் சொல்பவர், "ரகசிய நிலை"க்குத் தனிக் கட்டணம் கேட்பவர், வேறு யாரிடமும் கற்கக்கூடாது என்று சத்தியம் வாங்குபவர், தனியாக வரச் சொல்லிப் பெண்களை அழைப்பவர். இவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு வேண்டாம்.

ஆறாம் படி: ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள்

வருடக் கட்டணத்தில் தள்ளுபடி என்றாலும் முதல் மாதத்துக்கு மட்டும் கொடுங்கள். அந்த மாதத்தில் பெரும்பாலும் நிற்கவும், எடை மாற்றவும், தோளைத் தளர்த்தவும்தான் சொல்லித் தருவார்கள். அலுப்பாக இருக்கும். சிலம்பத்தில் காலடி படியாமல் கம்புவீச்சு சரிவராது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரம்போல் நிற்கும் பயிற்சியைச் சீனப் போர்க்கலை ஆசிரியர் வாங் ஷியாங்சாய் (1885–1963) தன் முறைக்கே அடித்தளமாக வைத்தார். புதியவருக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். முதல் நாளே அரைமணி நேரம் நிற்க வைத்து, உடம்பு நடுங்குவதை "சக்தி ஏறுது" என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

தொடைத் தசை எரிவது சரி, மறுநாள் கொஞ்சம் கனப்பதும் சரி. மூட்டுக்குள் குத்தும் வலி, தலைசுற்றல், படபடப்பு, தூக்கம் கெடுவது இவை சரியில்லை. உடனே வாத்தியாரிடம் சொல்லுங்கள். அவர் நிலையை உயர்த்தி, நேரத்தைக் குறைத்துப் பார்த்தால் அவரிடமே தொடரலாம். "தாங்கிக்கிட்டுச் செய்" என்றால் அந்த மாதத்தோடு நன்றி சொல்லி நின்றுவிடுங்கள். வாக்குவாதம் தேவையில்லை.

பக்கத்தில் யாருமே இல்லையென்றால்

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருப்பவர்களுக்கு இதுதான் நிலைமை. பா துவான் ஜின்னை நல்ல வீடியோவோடு, நின்ற நிலை உயரமாக வைத்து, மொட்டை மாடியில் தொடங்கலாம். நேரலை வகுப்பில் சேர்ந்தால் கேமராவில் உங்கள் பாதம் தெரிய வேண்டும். முகத்தை மட்டும் பார்த்து யாரும் முழங்காலைத் திருத்த முடியாது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை சென்னைக்கோ ஆரோவில்லுக்கோ போய் நேரில் திருத்தம் வாங்கிக்கொள்ளுங்கள். இருவர் சேர்ந்து செய்யும் தள்ளும் பயிற்சி வீடியோவில் வராது.

சண்டைக் கலைதான் வேண்டும், சீனக் கலையே ஆக வேண்டும் என்றில்லை என்பவர்கள் பக்கத்துத் தெருச் சிலம்பக் கூடத்துக்குப் போங்கள். நல்ல வாத்தியாரிடம் இரண்டு வருஷம் காலடி பழகியவருக்குப் பிறகு தாய்ச்சி கிடைத்தால், இடுப்பும் பாதமும் சேர்ந்து இயங்குவதைப் புதிதாகப் புரியவைக்க வேண்டியிருக்காது. மேலே சொன்ன மூன்றாம் படியும் ஐந்தாம் படியும் சிலம்பக் கூடத்துக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் நாள் போகும்போது

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். வெறும் வயிறு ஆகாது என்பவர்கள் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம். இடுப்பை இறுக்காத பருத்திக் கால்சட்டை, தட்டையான மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ. பழைய எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, காது சம்பந்தப்பட்ட தலைசுற்றல், கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள் எதுவானாலும் வகுப்பு தொடங்கும் முன்பே வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஐந்தரை மணி வகுப்பு இருந்தால் அதில் சேருங்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.