கோழி, கோளி, கோடி: பேச்சொலியைப் பதிந்து அளக்கும் முறை

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சந்தையில் நிற்கிற ஒரே கோழியைத் தமிழ் பேசுபவர் கோழி என்பார், கன்னடம் பேசுபவர் கோளி என்பார், தெலுங்கு பேசுபவர் கோடி என்பார். ஏழு என்ற எண்ணும் அப்படித்தான்: கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. பழைய ழகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ளகரத்தோடு கலந்துவிட்டது, தெலுங்கில் பல சொற்களில் டகரமானது. மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்கும் இந்த வட்டாரத்தில், தமிழ் பேசுபவர் வாயில் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக நிற்கின்றனவா என்பது நல்ல கேள்வி. காதை மட்டும் நம்பி இதற்கு விடை சொல்லிவிடக் கூடாது. எழுத்து தெரிந்தவர் காதில் கோளி என்பதும் கோழியாகவே விழும். பதிந்துதான் அளக்க வேண்டும்.

முதலில் சொற்கள். எழுதிய தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் பள்ளிக்கூடத் தமிழ்தான் வரும், வீட்டுப் பேச்சு வராது. ஆகவே எழுத்தையே காட்டாதீர்கள். ஒரு உருண்டை புளி, ஒரு கிண்ணம் கூழ், ஆட்டுக்குப் போடும் தழை என்று பொருளை முன்னால் வையுங்கள், அல்லது கேள்வி கேளுங்கள். “ஏரி நெறையணும்னா என்ன பெய்யணும்?” என்றால் மழை தானாக வரும். வலி–வளி–வழி என்ற மூன்றும் ஏட்டில் அழகாக இருக்கும், ஆனால் வளி என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. பேச்சில் இருக்கிற சொல்லாகப் பொறுக்குங்கள்: மலை–மழை, தலை–தழை–களை, வலி–வழி, புலி–புளி, எலி–கிளி–கோழி. இவற்றோடு, கடைசியில் மெய்யோடு முடியும் பால், முள், கூழ். சொல்லின் ஈற்று ஐகாரம் பேச்சில் குறுகி ‘தல’, ‘தழ’ என்றுதான் வரும், அதைத் திருத்த வேண்டாம்.

சொல்லைத் தனியாகச் சொல்ல விட்டால், பட்டியல் வாசிக்கிற இழுவை வந்து கடைசி உயிர் நீண்டுவிடும். “இப்ப ___ன்னு சொல்றேன்” என்ற ஒரே வாக்கியத்துக்குள் எல்லாச் சொல்லையும் வையுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறை, வரிசையைக் கலைத்துக் கலைத்து. பதினைந்து சொல்லுக்கு 75 வாக்கியம் ஆகும். அதற்கு மேல் போனால் பேசுபவர் களைத்துப்போய் இயந்திரம் மாதிரி சொல்ல ஆரம்பிப்பார்.

பேசுபவரிடம் சம்மதம் வாங்கிவிட்டு, பிறந்த ஆண்டு, வீட்டு மொழி, அம்மா பிறந்த ஊர், படித்த மொழி, வேலைக்காக வெளியூரில் இருந்த ஆண்டுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாயில் வெற்றிலை பாக்கு இருந்தால் துப்பி, கொப்பளித்த பிறகே தொடங்க வேண்டும்.

பதிவுக்குச் செல்போனே போதும், ஆனால் வாட்ஸ்அப் குரல் செய்தி கூடாது. அது ஒலியைச் சுருக்கும்போது நமக்கு வேண்டிய நுட்பங்கள் அடிபட்டுப்போகலாம். சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும் செயலியைப் போட்டு 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 5.3 எம்பி ஆகும். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலி அளவு இரண்டையும் அணைத்துவிடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் வாயின் ஓரத்துக்குச் சாய்வாக இருக்கட்டும். நேரே வைத்தால் பகரத்தின் காற்று மைக்கில் மோதி ‘புளி’யின் தொடக்கம் வெடிக்கும். ஒலி மட்டம் உச்சத்தில் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் சரி. பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் பதிவை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

தகர ஷீட் போட்ட வீடும் காலியான கான்கிரீட் அறையும் எதிரொலிக்கும். துணி, பாய், மூட்டைகள் அடுக்கிய சின்ன அறைதான் நல்லது. மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். நாற்பத்து நான்காம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு என்றால் லாரிச் சத்தத்துக்குத் தப்ப முடியாது, வேறு வீடு பாருங்கள்.

அளக்க ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் புர்ஸ்மா, டேவிட் வேனிங்க் இருவரும் உருவாக்கியது. பதிவைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் பலமாக இருக்கிறது என்று காட்டும் படத்தைப் பாருங்கள். கிடைமட்டமாக ஓடும் கறுப்புப் பட்டைகள்தான் ஃபார்மன்ட்கள் (வாயின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண்கள்), கீழிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். ஃபார்மன்ட் எண்ணிக்கை 5, மென்பொருள் அவற்றைத் தேடும் உச்சவரம்பு ஆண் குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 5500 என்று வையுங்கள்.

நமக்கு முக்கியம் மூன்றாவது பட்டை. லகரத்தில் அது உயரத்திலேயே நிற்கும். நல்ல ழகரத்தில் தெளிவாகக் கீழே இறங்கி இரண்டாவது பட்டையை நெருங்கும், ‘மழ’ என்பதில் அந்த வளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்றாவது பட்டை மிகத் தாழும் இடத்தில் குறியை வைத்து எண்ணை எடுங்கள். தவறு நேர்வதும் இங்கேதான். இரண்டு பட்டைகளும் ஒட்டி வரும்போது மென்பொருள் அவற்றை ஒன்றாக எண்ணிவிட்டு, நான்காவதை மூன்றாவது என்று காட்டும். எண் திடீரென்று தாவினால் நம்பாமல், உச்சவரம்பை 500 ஹெர்ட்ஸ் கூட்டியோ குறைத்தோ கண்ணுக்குத் தெரியும் பட்டையோடு ஒப்பிடுங்கள். ஒருவருடைய எண்ணை இன்னொருவர் எண்ணோடு நேராக ஒப்பிடவும் கூடாது. வாயின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் ‘தல’வுக்கும் ‘தழ’வுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எடுக்க வேண்டும்.

நாக்கு எங்கே பட்டது என்று பார்க்க ஒரு பழைய, நம்பகமான வழி உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் மருத்துவக் கரித்தூளையும் சமையல் எண்ணெயையும் சம அளவு குழைத்து, சுத்தமான மெல்லிய தூரிகையால் நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் நுனியின் அடிப்பக்கத்திலும் தடவுங்கள். ஒரே ஒரு முறை சொல்லைச் சொல்லிவிட்டு வாயைத் திறக்க வேண்டும், எச்சில் விழுங்கக் கூடாது. வெந்நீரில் காட்டிய சின்னக் கண்ணாடியை வாய்க்குள் சாய்த்து, மேல் அண்ணத்தைப் போட்டோ எடுங்கள். குளிர்ந்த கண்ணாடி மூச்சு பட்டுப் புகைந்துவிடும். குமட்டல் வருபவரை வற்புறுத்தாதீர்கள்.

சொல் தேர்வில்தான் இது கெடும். ‘தழ’ ஆகாது, தகரமே பல்லில் கறையை வைத்துவிடும். ‘வழி’யும் ஆகாது, இகரம் சொல்லும்போதே நாக்கின் ஓரங்கள் கடைவாய்ப் பக்கம் படும். ‘மல’, ‘மழ’, ‘கள’ சரியானவை. ‘மல’வில் மேல்முன்பல்லுக்குப் பின்னால் கறுப்பு வளைவு விழும். ‘கள’வில் கறை இன்னும் பின்னே தள்ளி விழும். நாக்கின் அடிப்பக்கம் படுவதால், அங்கே தடவ மறந்தால் அண்ணம் வெறுமையாகத் தெரியும். ‘மழ’வில் நடு அண்ணம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். தொல்காப்பியம் ரகர ழகரங்களுக்கு நாநுனி அண்ணத்தை வருடும் என்றே சொல்கிறது, ஒற்றும் என்று சொல்லவில்லை. போட்டோவைப் பார்க்கும்போது அந்தச் சொல்லின் துல்லியம் புரியும்.

அளவு எடுத்து முடிந்ததும் கேட்புச் சோதனை ஒன்று வையுங்கள். ஒரே ஆளின் பதிவிலிருந்து ‘தல’ 20, ‘தழ’ 20 துண்டுகள் வேண்டும். இந்த இரண்டு சொல்லை மட்டும் இன்னும் 15 முறை பதிந்தால் எண்ணிக்கை வந்துவிடும். கோப்புப் பெயரில் சொல் இருக்கக் கூடாது, எண் மட்டும் போதும். கலைத்துப் போட்டு, அதே ஊர்க்காரர் ஒருவரிடம் “தலையா, தழையா?” என்று கேளுங்கள். 40-க்கு 20 ஒட்டி வந்தால் அது வெறும் ஊகம், அந்த வாயில் அந்த இரண்டு ஒலியும் கேட்பவருக்கு ஒன்றுதான். 35-க்கு மேல் வந்தால் வேறுபாடு உயிரோடு இருக்கிறது. கேட்பவர் அதே ஊராக இருப்பது அவசியம், வெளியூர்க் காது வேறு குறிப்பைத் தேடும்.