கெட்டிக்காரப் பிள்ளையை அடையாளம் காண்பதில் நாம் செய்யும் தவறுகள்

முக்கூடல் பக்கம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டுக்கு 25 பீடி என்றால் 18 கட்டில் எத்தனை என்று கேட்டேன். மற்றவர்கள் நோட்டைத் திறப்பதற்குள் ஒரு பிள்ளை 450 என்றாள். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். எப்படிச் சொன்னே என்றால், "நாலு கட்டுன்னா நூறுல்லா சார். நாலு நூறு போவ ரெண்டு கட்டு மிச்சம்லா" என்கிறாள். பரீட்சையில் அவள் 40 மார்க்கைத் தாண்டியதே இல்லை. விடையை மட்டும் எழுதுவாள். வழிமுறை இல்லை என்று மார்க்கை வெட்டியது நான்தான்.

மார்க்கை வைத்தே திறமையை அளப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அது ஒரு பேப்பரோடு முடிவதும் இல்லை. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்று மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறதே, தேறினால் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய். அதை எழுதவே ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. நான் வெட்டிய மார்க் அந்த வாசலையும் அடைத்துவிடலாம். தகுதி உள்ளவர்களிலும் முதல் ஐந்து ரேங்கை மட்டும் எழுத அனுப்பும் பள்ளிகள் உண்டு.

சரி, ஐக்யூ சோதனை வைத்தால் போதுமா? 1921இல் கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் அப்படித்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார். சின்ன வயதில் அதில் தேறாமல் போன வில்லியம் ஷாக்லி 1956இலும், லூயிஸ் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றார்கள். பொறுக்கி எடுத்தவர்களில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை.

அப்புறம், இங்கிலீஷ் சரளமாக வந்தால் அறிவாளி என்பது. பாளையங்கோட்டையில் இந்த மயக்கம் கொஞ்சம் கூடுதல். கைகட்டி உட்காரும் பிள்ளைதான் நல்ல பிள்ளை என்பது இன்னொன்று. கணக்கை முதலில் முடித்துவிட்டு அடுத்தவனைச் சீண்டுகிற பயலுக்குச் சேட்டை பிடித்திருக்கிறது என்கிறோம். பாதி நேரம் அவனுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். எழுத்துப்பிழை மலிந்த நோட்டும் கூர்மையான மூளையும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். கற்றல் குறைபாடு இருந்தால் திறமை இருக்காது என்பதில்லை.

இப்போதெல்லாம் விடை மட்டும் எழுதிய பேப்பர் வந்தால், பிள்ளையைக் கூப்பிட்டு வாயால் சொல்லச் சொல்கிறேன். சிலது பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதியது. அதுவும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.