எம்.இ. உற்பத்திப் பொறியியல்: ஓசூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யும் தவறுகள்

பி.இ. முடித்து வேலை அமையாவிட்டால், "சும்மா இருப்பதற்கு எம்.இ.யாவது சேரலாமே" என்ற பேச்சு தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்க வீடுகளில் எழுவது வழக்கம். அந்த அவசரத்தில் முதலில் பலியாவது, முதுநிலைப் பொறியியலுக்கான தேசிய அளவிலான கேட் தேர்வு. தமிழ்நாட்டில் எம்.இ. சேர்க்கைக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வு எழுதினாலே இடம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்குச் செல்லுபடியாகும் கேட் மதிப்பெண் வேண்டும். 24 மாதங்களுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ மூன்று லட்சம். பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். பிறகு ஏன் தள்ளிப்போட வேண்டும்?

தாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. உற்பத்தி மற்றும் தொழிலகப் பொறியியலுக்குத் தனித் தாள் உண்டு. சேர விரும்பும் கல்லூரி எந்தத் தாளை ஏற்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஷிப்ட் வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே முழுநேர மாணவராகப் பெயர் கொடுப்பவர்களும் உண்டு; உதவித்தொகை விதி அதற்கு இடம் தராது.

இவற்றைவிடப் பெரிய தவறு ஆய்வுத் திட்டத்தில் நடக்கிறது. கணினி இயக்கும் சி.என்.சி. லேத்தில் ஸ்பீடு, ஃபீட் (துண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது வெட்டுமுனை நகரும் தூரம்), வெட்டு ஆழம் மூன்றையும் மும்மூன்று அளவில் மாற்றி, சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்க உதவும் டகுச்சி எல்-9 அட்டவணைப்படி ஒன்பது துண்டுகளைக் கடைந்து, 'மேற்பரப்பின் சொரசொரப்பை அதிகம் பாதிப்பது ஃபீட்' என்று முடிப்பார்கள். இதற்கு லேத்தே தேவையில்லை. ஃபீடின் வர்க்கத்தை, இன்சர்ட் எனும் வெட்டுவில்லையின் முனை ஆரத்தின் 32 மடங்கால் வகுத்தால் சராசரிச் சொரசொரப்பின் கோட்பாட்டு மதிப்பு வந்துவிடும். முனை ஆரம் 0.8 மி.மீ., ஃபீட் 0.2 மி.மீ. என்றால் 1.56 மைக்ரான், ஃபீடைப் பாதியாக்கினால் 0.39. தெரிந்த விடைக்கு ஓர் ஆண்டைச் செலவிடுவானேன்?

போதாக்குறைக்கு, ஒவ்வொரு துண்டையும் ஒரே முறை கடைவார்கள். ஒன்பதுக்கும் ஒரே இன்சர்ட் முனை. கடைசித் துண்டு அதிகச் சொரசொரப்பாக வந்தால் அது ஃபீடாலா, முனை தேய்ந்ததாலா? அட்டவணை வரிசைப்படியே கடைந்தவரால் பதில் சொல்ல முடியாது. வரிசையைக் குலுக்க வேண்டும், ஒவ்வோர் அமைப்பையும் திரும்பக் கடைய வேண்டும், முனையை மாற்ற வேண்டும். வழிகாட்டி கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

நல்ல கேள்விகள் ஓசூரில் கிடைக்கும். அசோக் லேலண்ட், டி.வி.எஸ். போன்ற பெரிய ஆலைகளின் வாசலில் காத்திருப்பதைவிட, சிப்காட் பக்கம் உதிரிபாகம் கடைந்து தரும் சிறு பட்டறைகளில் கேட்பதே என் யோசனை. அங்கே கழித்துக்கட்டிய பாகங்களைக் குறித்துவைக்கும் ரிஜெக்ஷன் பதிவேட்டைப் புரட்டினால், ஒரே துளை ஏன் இரவு ஷிப்டில் மட்டும் அளவு தாண்டுகிறது என்பது போன்ற விடை தெரியாத கேள்வி அகப்படும். மூன்றாம் பருவம் தொடங்கும் முன்பே போங்கள். வாடிக்கையாளரின் வரைபடத்தை வெளியே காட்டப் பட்டறைக்காரர் தயங்குவார். எந்த அளவுகளை ஆய்வேட்டில் எழுதலாம் என்று முதலிலேயே கடிதமாக வாங்கிவிடுங்கள். வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் போய் நின்றால் அந்தக் கையெழுத்து கிடைக்காது.