எனர்ஜி மீட்டரை மோட்பஸ் வழியாக பிஎல்சியில் படிப்பது எப்படி?

பேனலில் இருக்கும் எனர்ஜி மீட்டர்களின் வோல்டேஜ், கிலோவாட் எல்லாம் பிஎல்சிக்கு (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்) வர வேண்டுமா? ஃபீல்டுபஸ் (கருவிகள் ஒரே கேபிளில் தகவல் பரிமாறும் முறை) பழக ஆரம்பிப்பவர்களுக்கு நான் மோட்பஸ் ஆர்டியுவைத்தான் சொல்வேன். 1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காகக் கொண்டுவந்தது. இன்றும் மீட்டர், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) என்று பலவற்றிலும் இருக்கிறது. லேடர் (பிஎல்சி புரோகிராம்) எழுதத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் ஒயரிங். ஷீல்டு உள்ள ட்விஸ்டட் பேர் கேபிள் வாங்குங்கள். பிஎல்சியிலிருந்து முதல் மீட்டர், அதிலிருந்து அடுத்தது என்று வரிசையாகப் போக வேண்டும். நடுவில் பாக்ஸ் வைத்து நாலாபுறமும் பிரிக்காதீர்கள். இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர். சப்ளையை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிகளுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது லைன் அறுந்திருக்கிறது. 40 வந்தால் நடுவில் ஏதோ ஒரு மீட்டரிலும் டெர்மினேஷன் (அதற்குள்ளேயே இருக்கும் 120 ஓம்) ஆன் ஆகியிருக்கிறது. மோட்டார் கேபிள் போகும் ட்ரேயில் இதை ஓட்டவே வேண்டாம்.

அடுத்து செட்டிங். ஒவ்வொரு மீட்டருக்கும் 1 முதல் 247-க்குள் தனித்தனி முகவரி. பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), பேரிட்டி (பிழை சோதிக்கும் பிட்) இரண்டும் எல்லா மீட்டரிலும் பிஎல்சியிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்போது பிஎல்சியைத் தொடாதீர்கள். யுஎஸ்பி-ஆர்எஸ்485 கன்வெர்ட்டர் (ஆர்எஸ்485 என்பது இந்த இரண்டு கம்பி லைன்தான்) போட்டு லேப்டாப்பிலிருந்து படியுங்கள். கன்வெர்ட்டர் ஐசொலேஷன் (லேப்டாப்புக்கும் லைனுக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமை) உள்ளதாக இருக்கட்டும், பேனல் வேலைக்கு அந்தச் செலவு தகும். சாஃப்ட்வேருக்கு கியூமோட்மாஸ்டர் போதும், இலவசம்.

பலரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், நிதானமாகப் படியுங்கள். மீட்டர் தன் அளவுகளை வைத்திருக்கும் இடங்களுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். மேனுவலில் ரெஜிஸ்டர் எண் 40101 என்று போட்டிருந்தால் லைனில் போகும் முகவரி 100, அதாவது 40001-ஐக் கழிக்க வேண்டும். சில சாஃப்ட்வேர் தானே கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. வோல்டேஜ் போன்றவை ஃப்ளோட்டாக (தசம எண்ணாக), இரண்டு ரெஜிஸ்டரில் வரும். 230 வோல்ட் என்றால் ஹெக்ஸில் 4366, 0000. சில மீட்டர்கள் இதையே 0000, 4366 என்று மாற்றி அனுப்பும். அப்போது திரையில் 0.00 தெரியும்.

சிக்கல் என்னவென்றால், முகவரி ஒன்று தள்ளிப்போனாலும் இதே மாதிரிதான் தெரியும். ஆர் ஃபேஸின் பின்பாதியும் ஒய் ஃபேஸின் முன்பாதியும் சேர்ந்து வரும். அதை வேர்டு ஸ்வாப் (இரண்டு ரெஜிஸ்டர்களின் வரிசையை மாற்றுவது) போட்டு 'சரி' செய்தால் 230-ஐ ஒட்டி ஓர் எண் வந்துவிடும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அது ஆர் ஃபேஸ் வோல்டேஜ் இல்லை. அதனால் முதலில் ஒரே ரெஜிஸ்டரில் அடங்கும் முழு எண் ஒன்றைப் படியுங்கள். சிடி பிரைமரி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மை ஆம்பியர் செட்டிங்) அப்படி இருந்தால் நல்லது: மீட்டரில் 200 என்று செட் செய்துவிட்டு, 200 வருகிறதா பாருங்கள். வந்தால் முகவரிக் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்வாப்.

பிஎல்சியில் ஒரு மீட்டர் பதில் சொன்ன பிறகோ டைம்அவுட் ஆன பிறகோ அடுத்ததைக் கேளுங்கள். இரண்டு ரீட் பிளாக் (மீட்டரைப் படிக்கும் புரோகிராம் பகுதி) ஒரே நேரத்தில் ஓடக் கூடாது.

பின்சேர்க்கை: தனியாகப் படித்தால் வருகிறது, எல்லாம் சேர்த்தால் வரவில்லை என்று கேட்டிருந்தார்கள். இரண்டு மீட்டருக்கு ஒரே முகவரி இருக்கிறதா பாருங்கள். அப்புறம், இரண்டு கம்பிகளும் சேரும் டெர்மினல்களின் ஏ, பி பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாக இருக்கும். பதில் வராத மீட்டரில் மட்டும் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் எரியாது.